மலையேறும் பிக்கப்புக்கு மைலேஜ் குறையாமல் இழுவை கூட்டியது: ஒரு மதுரை வண்டியின் நிகழ்வு ஆய்வு

வண்டி, மகிந்திரா பொலேரோ பிக்கப், பிஎஸ்-4 புகை விதிப்படி வந்தது. 2,523 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்), டர்போ (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கி அனுப்புவது), இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர வைப்பது). திறன் 70 ஹெச்பியை ஒட்டி, டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி. உரிமையாளருக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை. வாரத்தில் பாதி நாள் அரிசி, பருப்பு, எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகும். திரும்பி வரும்போது கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு என்று கிடைத்த லோடை ஏற்றி வந்து பரவை மார்க்கெட்டில் இறக்கும். மற்ற நாட்களில் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கடைகளுக்குச் சரக்கு போடும். ஒரு நாள் வண்டி பட்டறையில் நின்றால் அன்றைக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும். அதனால் எந்த வேலையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற மாதிரிதான் பார்க்க முடியும்.

அவர் வந்து சொன்ன குறை இதுதான்: "தம்பி, மலையில மூச்சு வாங்குது. டம்டம் பாறை தாண்டுனா செகண்ட் கியரை விட்டு மேல வர மாட்டேங்குது. சிப்பு ஏதோ போடுறாங்களாமே, அதைப் போட்டு பவரை ஏத்தி விடு. ஆனா ஒண்ணு, மைலேஜ் குறையக் கூடாது."

இந்த இரண்டும் சேர்ந்து நடக்காது என்றுதான் பலர் சொல்வார்கள். பவர் வேண்டுமானால் டீசலை ஊற்ற வேண்டும், டீசலை மிச்சம் பிடித்தால் பவர் போய்விடும் என்பது பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. தினமும் சரக்கு இழுக்கும் டீசல் வண்டியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பாதிதான் சரி. மலையில் வண்டி எந்த கியரில் ஏறுகிறது என்பதைப் பாருங்கள், இழுவையும் மைலேஜும் அங்கே ஒன்றாகிவிடும். 35 கிலோமீட்டர் வேகத்தில் செகண்ட் கியர் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு 2,600 சுற்றில் கத்தும். அதே வேகத்தில் தேர்டு கியர் நின்றால் 1,700 சுற்றுதான். டிரைவருக்கு அது பவர், முதலாளிக்கு அது டீசல். இந்த வண்டியில் நாங்கள் பார்த்த வேலை அத்தனையும் அந்த ஒரு கியரைத் திரும்பப் பிடிப்பதற்காகத்தான்.

முதலில் அளவு

மைலேஜ் கணக்கையே முதலில் சரிபார்க்க வேண்டியிருந்தது. உரிமையாளர் சொன்னது லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். ஓடோமீட்டரில் ஏறிய தூரத்தைப் பங்க் பில்லில் இருந்த லிட்டரால் வகுத்த எண் அது. டயரைப் பார்த்ததுமே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது. வண்டியோடு வந்த அளவு 215/75 ஆர்15. ஆனால் மாட்டியிருந்தது 235/75 ஆர்15. உயரமாக, கம்பீரமாக இருக்கும் என்று டிரைவர் ஆசைப்பட்டு மாற்றியது. விட்டம் 703 மில்லிமீட்டரிலிருந்து 733-க்குப் போகிறது. நான்கு சதவீதத்துக்கு மேல். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 104 ஓடியிருக்கும்.

ஆகவே தூரத்தை செல்போன் ஜிபிஎஸ் வைத்து எடுத்தோம். டீசலுக்கு ஒரே பங்க், ஒரே பம்ப். விடியற்காலையில் நிரப்புவது, நாசில் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திவிடுவது, அதற்கு மேல் வண்டியைக் குலுக்கி நிரப்புவதில்லை. நேரம் முக்கியம். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.08 சதவீதம் விரியும். வெயிலில் ஓடிச் சுட்டுப்போன டாங்கையும் விடியற்காலை டாங்கையும் ஒப்பிட்டால் ஒரு சதவீதம் அங்கேயே போய்விடும். இப்படி எடுத்ததில் மைலேஜ் பத்தரைக்குச் சற்றுக் கீழே நின்றது. அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் நல்ல எண்தான், ஆனால் இந்த வண்டி கொடுக்க வேண்டிய எண் இல்லை.

இழுவைக்கு அளவு காமக்காபட்டி சோதனைச் சாவடியிலிருந்து பெருமாள்மலை வரை உள்ள ஏற்றம். லோடோடு எடைமேடையில் ஏற்றி, மொத்தம் 3 டன்னை ஒட்டி வைத்துக்கொண்டோம். எங்கே எந்த கியர், எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்தேன். காலி வண்டியையும் எடை போட்டோம். ஆர்சி புத்தகத்தில் உள்ள வெற்று எடையைவிட ஏறக்குறைய 150 கிலோ கூடுதல். பின்பக்கக் கூண்டு முழுக்கக் கனமான இரும்பு ஆங்கிள். முன்னால் ஒரு பெரிய கம்பி பம்பர். தலைக்கு மேலே யாரும் ஒன்றும் ஏற்றாத ஒரு கேரியர். மூன்று மூட்டை அரிசியின் எடைக்கு இரும்பைச் சும்மா சுமந்துகொண்டு மலைக்கும் மதுரைக்கும் போய் வந்திருக்கிறது வண்டி.

மலைக்கு உண்மையில் எவ்வளவு பவர் வேண்டும்

சிப், அதாவது இன்ஜினுக்கு அதிக டீசல் போகவைக்கும் மின்னணு வேலை, வேண்டுமா என்று முடிவு செய்யும் முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. உரிமையாளருக்கு எதிரிலேயே காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

நூறு மீட்டர் தூரத்துக்கு ஆறு மீட்டர் உயரும் சாலை என்று வைத்துக்கொள்வோம். 3 டன் வண்டியை அதில் 35 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, டயர் உருள்வதற்கான எதிர்ப்பையும் கியர்பாக்ஸ், கிரவுனில் (பின் அச்சுப் பல்சக்கரம்) போகும் நஷ்டத்தையும் சேர்த்து, சுமார் 30 ஹெச்பி போதும். வளைவை ஒட்டி எட்டு மீட்டர் உயரும் இடங்களில் 39 ஹெச்பி வேண்டும். இந்த இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தால் 1,700 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் தரும். அது ஏறக்குறைய 48 ஹெச்பி. அப்படியானால் தேர்டு கியரில் சிரமமே இல்லாமல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் 200 வரவில்லை என்றுதான் அர்த்தம். 150 மட்டும் வந்தால் 1,700 சுற்றில் 36 ஹெச்பிதான். ஆறு மீட்டர் ஏற்றத்தில் சமாளிக்கும், எட்டு மீட்டர் ஏற்றத்தில் மூச்சடைத்து செகண்டுக்கு இறங்கும். டிரைவர் சொன்ன குறை வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை வண்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயருகிறது. 3 டன்னை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 14.7 யூனிட் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் இருக்கிறது, இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, நாலரை லிட்டர் டீசல் ஏற்றத்துக்கு என்று எழுதி வைத்த செலவு. எந்த மந்திரம் போட்டாலும் அதில் கை வைக்க முடியாது. எடையைக் குறைக்கலாம், வெட்டியாகப் போவதை நிறுத்தலாம், இன்ஜினை அது சிக்கனமாக எரிக்கும் சுற்றில் வைத்திருக்கலாம். மிச்சம் பிடிக்கிற வழி இந்த மூன்றுதான். இதைச் சொல்லாமல் 'மைலேஜ் இரட்டிப்பாகும்' என்று காந்தத்தையும் டீசலில் கலக்கும் மருந்தையும் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கும் டிரைவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சுற்று குறைவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளவே டீசல் செலவழிக்கிறது. பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்ப், டீசல் பம்ப், ஃபேன் எல்லாம் சுற்றோடு சேர்ந்து ஏறும். அதிலும் ஃபேன் இழுக்கும் பவர் சுற்றின் மும்மடிக் கணக்கில் கூடும். 1,700-லிருந்து 2,600-க்குப் போனால் ஒன்றரை மடங்கு சுற்று, ஆனால் ஃபேன் இழுப்பது மூன்றரை மடங்கு.

கிடைத்த குறைகள்

டர்போ காற்றை அமுக்கும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்பது. அதை அளக்கும் மானியை இன்டேக் குழாயில் ஒரு 'டி' வடிவ இணைப்புப் போட்டு மாட்டி, லோடோடு ஓட்டிப் பார்த்தோம். ஒரு பாரை (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) ஒட்டி வர வேண்டிய இடத்தில் அரை பார்தான் வந்தது. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பங்கு காற்று போக வேண்டிய சிலிண்டருக்கு ஒன்றரைப் பங்குதான் போயிருக்கிறது. காற்றில் கால்வாசி காணோம் என்றால் டார்க்கிலும் கால்வாசி காணாமல்தான் போகும். கணக்கில் வந்த 150 இங்கே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டை எங்கே என்று தேடப் பெரிய கருவி வேண்டியதில்லை. டர்போவின் வாயில் ஒரு அடைப்பான் வைத்து, கம்ப்ரசரிலிருந்து ஒரு பாருக்கும் கீழே காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்தோம். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் கிளாம்ப் கடிக்கும் இடத்துக்கு அடியில், கீழ்ப்பக்கமாக, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் ஹோஸ் புதிது போல இருக்கும். இன்ஜின் ஓடாமல் கையால் தடவினாலும் தெரியாது. பூஸ்ட் ஏறும்போது ஹோஸ் உப்பும், அப்போது அந்த வெடிப்பு உதடு மாதிரி திறக்கும். அதைச் சுற்றி எண்ணெயும் தூசியும் கலந்த கறுப்புப் பிசுக்கு இருந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதும் ஒரு துளி ஆயில் ஆவி இருக்கும். அது கசிந்த இடத்தில்தான் தூசி ஒட்டும். ஆகவே பிசுக்கு எங்கே இருக்கிறதோ ஓட்டை அங்கே. மலையில் ஏறும்போது கேட்கிற மெல்லிய விசில் சத்தத்தை டிரைவர் டர்போ சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பெருமாள்மலைக்கு மேலே குறை அதிகமாகத் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ வண்டி அந்தக் குறையைப் பெரும்பாலும் அமுக்கிச் சரிக்கட்டிவிடும். ஹோஸில் ஓட்டை இருந்தால் டர்போவால் அது முடியாது.

அடுத்தது பிரேக். நான்குவழிச் சாலையில் கொடைரோடு சுங்கச்சாவடி வரை ஓட்டிவிட்டு, பிரேக் அதிகம் போடாமல் ஓரங்கட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சூடு அளக்கும் துப்பாக்கி வைத்துப் பார்த்தோம். பின்பக்க இடது டிரம் மற்றதைவிட 40 டிகிரி கூடுதல். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றோடு நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் ஷூ முழுசாக விலகாமல் இருந்திருக்கிறது. மலைக்குப் போகும் டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுப்பார். அதில்தான் இந்தக் கேபிள் சீக்கிரம் போகும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது மைலேஜ் பிரச்சினை மட்டுமில்லை. கொடைக்கானலிலிருந்து கேரட் லோடோடு இறங்கும்போது ஏற்கெனவே சுட்டுப்போன டிரம் எவ்வளவு நேரம் தாங்கும்? இந்த ஒரு குறையைக் கண்டுபிடித்ததற்காகவே மொத்த வேலையும் தகும்.

ரேடியேட்டரைக் குளிர வைக்கும் விஸ்கஸ் ஃபேனின் கப்ளிங்கும் இறுகிப் போயிருந்தது. காலையில் குளிர்ந்த இன்ஜினை எடுத்ததுமே லாரி போல இரைச்சல் கேட்டால் சந்தேகப்படலாம். நல்ல கப்ளிங் சூடானால்தான் பிடிக்கும், மற்ற நேரத்தில் வழுக்கி விடும். இது எந்நேரமும் பிடித்துக்கொண்டே சுற்றியது.

ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலூர்ப் பக்கக் கிரானைட் தூசி ஏறி அடைத்திருந்தது, புதிது போட்டோம். இன்ஜெக்டர்களுக்கு பேக் லீக் சோதனை (ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலைப் பாட்டிலில் பிடித்து அளப்பது) வைத்தோம். நான்கு பாட்டிலிலும் ஏறக்குறைய சமமாக வந்ததால் கழற்றவில்லை.

ஈஜிஆர் வால்வில் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) முன்பு வேலை பார்த்த பட்டறையில் ஒரு தகடு வைத்து அடைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, வால்வைக் கரி போகக் கழுவித் திரும்ப மாட்டினோம். அடைத்தால் புகை குறைகிறது, இழுவை கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். ஈஜிஆர் இருப்பது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க. முழு லோடு ஏற்றத்தில் வால்வு பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். மலையில் இழுவை கூடும் என்று அதை அடைப்பதில் அர்த்தமே இல்லை.

பாக்ஸ் போட்டுப் பார்த்தது

இதற்கிடையில் உரிமையாளரின் அக்கா மகன் ஒரு பாக்ஸ் வாங்கி வந்துவிட்டார். ரெயில் பிரஷர் சென்சாரின் ஒயரில் நடுவே சொருகுவது. "மாமா, இங்கிட்டு கழட்டி அங்கிட்டு மாட்டுனா போதும், இருபது ஹெச்பி ஏறும்" என்றார். கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதைவிட அளந்து காட்டுவது நல்லது. குறைகளைச் சரிசெய்த பிறகு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சூடு பார்க்க ஒரு தெர்மோகப்பிள் வைத்து, அதே லோடோடு மலைக்குப் போனோம்.

இந்த மாதிரி பாக்ஸ் செய்வது என்னவென்றால், ரெயிலில் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈசியுவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, ஏமாற்றுகிறது. ஈசியு அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ஏற்றுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போகிறது. காற்று கூடுவதில்லை. டர்போ, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் பார்க்கும் வால்வு) எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. ஒரு கிலோ டீசல் முழுசாக எரியக் குறைந்தது பதினான்கரை கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய நடைமுறையில் பதினெட்டு, இருபது கிலோ வேண்டும். அதற்குக் கீழே போனால் டீசல் எரியாமல் கரும்புகையாக வெளியே வரும், எரிவதும் தாமதமாக எரிந்து சூடாக வெளியே போகும்.

அதுதான் நடந்தது. வண்டி நிச்சயம் வேகமாக ஏறியது, அதை மறுக்க முடியாது. சமதளத்தில் மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டியது, மருமகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஊத்து என்ற ஊருக்கு முன்னாலேயே எக்ஸாஸ்ட் சூடு 700 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போக, காலை எடுக்கச் சொன்னேன். பின்னால் வந்த பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போனார். அன்றைய டீசல் கணக்கும் பாக்ஸ் இல்லாமல் போன நாளைவிட மோசம். இந்த அளவு சூடு நீடித்தால் டர்போவின் டர்பைன், பிஸ்டன் தலை, மேனிஃபோல்டு கேஸ்கட் என்று ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும். மலை வண்டியில் சூடு நொடிக்கணக்கில் இருக்காது, ஒரு மணி நேரம் விடாமல் நிற்கும். சமவெளியில் ஓடும் காருக்குப் பொருந்தும் சிப் மலையேறும் சரக்கு வண்டிக்குப் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும். பாக்ஸை அன்றே கழற்றிவிட்டோம்.

ஈசியுவில் முறையாக மேப் (எப்போது எவ்வளவு டீசல் என்ற அட்டவணை) எழுதி, சூட்டுக்கும் புகைக்கும் எல்லை வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தொழில்நுட்பமாக அது பாக்ஸைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இந்த வண்டிக்கு அதையும் செய்யவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்திலிருந்து, அதாவது தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலிருந்து, வண்டி மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. மலைச்சாலையில் ஏதாவது நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இப்படி ஒரு காரணத்தைத்தான். எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, நிற்கும்போது புகைச் சோதனை வேறு. சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கிறவர் அந்த ஆபத்தைச் சுமக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. அதுவும், கணக்குப்படி 48 ஹெச்பி 1,700 சுற்றிலேயே கிடைக்கும்போது.

செய்த மாற்றங்கள்

ஹோஸ்களை நைலான் பின்னல் உள்ள சிலிக்கானுக்கு மாற்றினோம். கிளாம்ப் எல்லாம் போல்ட் வைத்து இறுக்கும் வகை. டயரை 215-க்கே திரும்பக் கொண்டுவந்தோம். டிரைவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் டயர் விட்டம் நான்கு சதவீதம் குறைந்தால் ஒவ்வொரு கியரிலும் சாலையில் இழுக்கும் விசை நான்கு சதவீதம் கூடும். இன்ஜினைத் தொடாமல் கிடைக்கிற இழுவை அது. காற்றழுத்தம் கதவு ஸ்டிக்கரில் போட்டபடி, லோடுக்குத் தனி, காலிக்குத் தனி.

கூண்டை அறுத்து, மெல்லிய சதுரக் குழாயில் உயரம் குறைத்துச் செய்தார் வெல்டர். பம்பரும் கேரியரும் போயின. இந்த இரும்பெல்லாம் இறங்கியதும் எடைமேடையில் 110 கிலோ குறைந்தது. தார்ப்பாயைக் கூண்டின் மேல்விளிம்போடு இறுக்கிக் கட்டும்படி கொக்கி வைத்தோம். நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் ஒரு பிரேக்தான்.

எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் செய்த வேலை, இன்டர்கூலருக்குக் காற்று சேர வைத்தது. ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் சுற்றி இருந்த சந்துகளில் காற்று சுற்றி ஓடிவிடுகிறது, நடுவே நுழைவதில்லை. சூடு தாங்கும் ஸ்பாஞ்ச் பட்டையை வெட்டிச் சந்துகளை அடைத்தோம். துடுப்புகளில் படிந்த சேற்றையும் பூச்சியையும் மென்மையாகக் கழுவினோம். சிலிண்டருக்குள் போகும் காற்றின் சூடு 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி 3 சதவீதம் கூடும். அதே டீசல் இன்னும் நன்றாக எரியும், சூடும் குறையும். கூம்பு வடிவ ஓபன் ஃபில்டர் போடலாமா என்று கேட்டார் மருமகன். பானெட்டுக்குள் இருக்கும் சுடு காற்றை உறிஞ்சி, தூசியையும் உள்ளே விட்டு, டர்போ இறக்கையை அரிக்கும் சாமான் அது. கம்பெனி ஃபில்டர் பெட்டியே வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதை மாற்றவில்லை.

மதுரையில் டீசலையும் பெட்ரோலையும் பற்றிய கவலை நேற்று வந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை டிவிஎஸ் நிறுவனம் இந்த ஊரிலிருந்து செய்து கொடுத்தது. இருக்கிற இன்ஜினை இருக்கிற எரிபொருளில் எப்படி ஓட்டுவது என்று யோசித்த ஊர் இது. அந்த யோசனையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மீட்டரில் புள்ளி

இந்த வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. டிரைவர் காதை வைத்துத்தான் கியர் மாற்றுகிறார். ஃபேன் இரைச்சலோடு பழகிய காதுக்கு 2,600-தான் சாதாரணமாகத் தெரிந்தது. ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு கியரிலும் 1,500 சுற்றில் எத்தனை கிலோமீட்டர், 2,300-இல் எத்தனை என்று பார்த்து, ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தேன். தேர்டுக்குப் பச்சை, ஃபோர்த்துக்கு சிவப்பு. முள் பச்சைப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை தேர்டிலேயே போகலாம். கீழ்ப் புள்ளிக்குக் கீழே இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். குறைந்த சுற்றில் முழு மிதியாக அமுக்குவதும் கெடுதல்தான். இன்ஜின் திணறும், சூடு ஏறும், கிளட்ச் தேயும்.

"அண்ணே, சத்தமே இல்லாமப் போகுது, இழுக்குதா இல்லையான்னே தெரியல" என்றார் டிரைவர் முதல் தடவை. பெருமாள்மலையில் நேரத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் கூடவே கூடாது என்று அவருக்கு இன்னொரு முறையும் சொன்னேன். கியரில் இறங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் மூடியே இருக்கும், டீசல் சொட்டுகூடப் போகாது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்கு டீசல் செலவாகும். மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்கள் டீசலையும் இழக்கிறார்கள், பிரேக்கையும் இழக்கிறார்கள்.

முடிவில் வந்த எண்கள்

அதே பங்க், அதே நேரம், அதே எடையில் சரக்கு. பூஸ்ட் ஒரு பாரை ஒட்டி நிற்கிறது. காமக்காபட்டியிலிருந்து பெருமாள்மலை வரை கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர மற்ற இடமெல்லாம் தேர்டு. நேரத்தில் ஏழெட்டு நிமிடம் குறைந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் சூடு 600 டிகிரிக்குள். மைலேஜ், மலையும் சமவெளியும் கலந்து, ஜிபிஎஸ் கணக்கில் பன்னிரண்டேகாலுக்கு அருகில். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது ஏறக்குறைய 60 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. டயர், கூண்டு, ஃபேன் கப்ளிங், ஹோஸ், கேபிள் எல்லாம் சேர்த்து ஆன செலவு நாற்பதாயிரத்தை ஒட்டி. எட்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

இதில் எந்த வேலையால் எவ்வளவு கூடியது என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஒரே வாரத்தில் பலதும் நடந்தன, தினம் ஓடும் வண்டியை ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக நிறுத்தி அளக்க வழியில்லை. என் கணிப்பில் பெரும் பங்கு ஹோஸுக்கும் ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும்தான்.

கிளட்ச் பிளேட் இன்னும் பழையது. தேர்டில் முழு இழுவையும் இப்போது அதன் மேல்தான் விழுகிறது. ஏற்றத்தில் வேகம் கூடாமல் சுற்று மட்டும் ஏறினால் உடனே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த எஃப்சிக்கு வரும்போது பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளையும் இறக்கிப் பார்க்க வேண்டும். கூண்டு எடை குறைந்ததும் அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். பாசிங் எடைக்கு (பதிவில் அனுமதித்த மொத்த எடை) மேல் ஒரு கிலோவும் கூடாது என்று சொல்லி, எடைமேடைச் சீட்டை வண்டியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.